வெதேனோ, 1944–1958: ஒரே வீட்டுக்கு இரண்டு குடும்பங்கள்

எதைப் பற்றிய ஆய்வு

ரஷ்யாவின் காகசஸ் மலைப்பகுதியில் உள்ள செச்சேனியாவின் தென்கிழக்கு மூலையில், பக்கத்துக் குடியரசான தாகெஸ்தானின் எல்லையை ஒட்டி இருக்கிறது வெதேனோ மாவட்டம். மாவட்டம் என்று பெயரே தவிர, பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நம் கணக்கில் ஒரு தாலுகா. நகரம் என்று ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மலையூர்கள். மக்களில் ஏறக்குறைய அனைவரும் செச்சேனியர்கள்.

இந்த மாவட்டம் பதினான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை காலி செய்யப்பட்டது. 1944 பிப்ரவரியில் செச்சேனியர்களை மத்திய ஆசியாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். சில வாரங்களில் அந்த வீடுகளில் தாகெஸ்தானின் மலைவாசிகளைக் கட்டாயமாகக் குடிவைத்தார்கள். 1957-இல் செச்சேனியர்கள் திரும்பி வந்தார்கள். அப்போது ஒவ்வொரு வாசலிலும் இரண்டு குடும்பங்கள் நின்றன. கட்டியவர் ஒருவர், பதின்மூன்று ஆண்டுகளாக அடுப்பு மூட்டியவர் இன்னொருவர்.

இதே வட்டாரத்தில், இதே ஆண்டுகளில் இதே மாதிரி கைமாறிய மாவட்டங்கள் இன்னும் இரண்டு உண்டு. அவற்றில் ஒன்றில் 1992-இல் போரே மூண்டது. இன்னொன்றில் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. வெதேனோவில் மட்டும் பிரச்சினை பெரிய ரத்தம் சிந்தாமல் ஓரிரு ஆண்டுகளில் தீர்ந்தது. அது எப்படி, யார் செலவில் என்பதுதான் இந்த ஆய்வு.

குடிமக்கள் எவர் பெயரும் இங்கே வராது. ஒரு குறிப்பிட்ட ஊரின் கதையாகவும் இதைச் சொல்லவில்லை. பெயரோடு வருபவர்கள் பதவியில் இருந்தவர்கள் மட்டுமே.

பின்னணி

மாவட்டத்தின் வடபாதி காடு அடர்ந்த குன்றுகள். தெற்கே ஏற ஏற மரம் குறைந்து புல்வெளி மலைகளாகும். எல்லையோரத்தில் சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் கெசெனொய்-ஆம் ஏரி கிடக்கிறது. ஏரியைச் சுற்றிய பகுதி இன்று வெதேனோவோடு சேர்ந்திருக்கிறது. 1944 வரை அது செபெர்லோய் என்ற தனி மாவட்டம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். பிழைப்பு என்றால் ஆடு, மாடு, சோளம், கொஞ்சம் தோட்டம். மலைச்சரிவில் உழக்கூடிய நிலம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். எந்தத் துண்டு எந்தக் குலத்துடையது என்பது எழுத்தில் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசை எதிர்த்துப் போரிட்ட இமாம் ஷமீலின் கடைசித் தலைநகரம் வெதேனோ. 1859-இல் அது விழுந்தது. ஷமீல் செச்சேனியர் அல்லர், தாகெஸ்தானின் கிம்ரி ஊரைச் சேர்ந்த அவார் இனத்தவர். செச்சேனியர்களும் தாகெஸ்தான்காரர்களும் ஒரே படையில் நின்ற இடம் இது. பின்னால் நடந்ததற்கு இந்தப் பழைய உறவே காரணம் என்று பலர் எழுதுவார்கள். பாதி உண்மை என்பது என் கருத்து. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை செச்சென்-இங்குஷ் குடியரசின் மேற்கு விளிம்பில் மால்கோபெக் பகுதியோடு நின்றுவிட்டது. வெதேனோ மலைகளில் அவர்கள் கால் வைக்கவேயில்லை. மலைகளில் சோவியத் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய சிறு குழுக்கள் இருந்தது உண்மைதான். ஆனால் குற்றச்சாட்டு அந்தக் குழுக்களோடு நிற்கவில்லை. எதிரியோடு சேர்ந்தார்கள் என்று ஓர் இனம் முழுவதன் மீதும் சுமத்தப்பட்டது. செம்படையில் போர்முனையில் நின்றுகொண்டிருந்த செச்சேனியர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள்.

1944 பிப்ரவரி: காலி செய்தல்

பல வாரங்களுக்கு முன்பே படைவீரர்கள் ஊர்களில் வந்து தங்கினார்கள். மலைப்போர்ப் பயிற்சி என்று காரணம் சொல்லப்பட்டது. ஊரார் வீட்டில் இடம் கொடுத்தார்கள், சோறும் போட்டார்கள். பிப்ரவரி 23 செம்படை நாள். கூட்டம் என்று ஆண்களை அழைத்து, வந்தவர்களைச் சுற்றி வளைத்து, உத்தரவை வாசித்தார்கள். மூட்டை கட்ட மணிக்கணக்கில்தான் அவகாசம். குடும்பத்துக்கு 500 கிலோ வரை எடுத்துவரலாம் என்று தாளில் இருந்தது. பனியில் மலைப்பாதை இறங்கும் குடும்பம் எப்படி 500 கிலோவைச் சுமக்கும் என்பது அந்தத் தாளில் இல்லை.

சோவியத் உள்துறைத் தலைவர் பெரியாவே நேரில் வந்து மேற்பார்வையிட்ட இந்த நடவடிக்கைக்கு ஒரு லட்சம் அளவில் படைவீரர்கள் திரட்டப்பட்டார்கள். போர் உதவியாக அமெரிக்கா அனுப்பிய ஸ்டூடிபேக்கர் லாரிகள் மக்களை ரயில் நிலையங்களுக்குக் கொண்டுபோயின. சுமார் 180 சரக்கு ரயில்கள். ஏற்றப்பட்ட செச்சேனியர்களும், அவர்களின் அண்டை இனமான இங்குஷ்களும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். கசாகஸ்தானுக்கும் கிர்கிசியாவுக்கும் போய்ச்சேரும் வழியிலேயே டைபஸ் காய்ச்சல் தொற்றியது. செச்சேனியர், இங்குஷ், கராச்சாய், பல்கார் ஆகிய நான்கு இனங்களிலுமாக 1944 முதல் 1948 வரை இறந்தவர்கள் 1,44,704 பேர் என்று அரசின் சொந்தக் கணக்கே சொல்கிறது. ஏறக்குறைய நான்கில் ஒருவர்.

மார்ச் தொடக்கத்தில் வெதேனோவில் இருந்தது வீடுகளும் கால்நடைகளும்தான். பால் கறக்க ஆளில்லாமல் மாடுகள் கத்தின, நாய்கள் ஊளையிட்டபடி தெருவில் அலைந்தன. அப்போது அங்கே அனுப்பப்பட்டவர்களின் நினைவுகளில் இந்த இரண்டும் மாறாமல் வருகின்றன.

1944 வசந்தம்: நிரப்புதல்

மார்ச் 7-இல் செச்சென்-இங்குஷ் தன்னாட்சிக் குடியரசு கலைக்கப்பட்டது. நிலத்தைத் துண்டு போட்டார்கள். தெற்கில் ஒரு பகுதி ஜார்ஜியாவுக்கு, மேற்கில் ஒரு பகுதி வட ஒசேட்டியாவுக்கு, நடுப்பகுதி புதிய குரோஸ்னி மாகாணத்துக்கு. வெதேனோ, செபெர்லோய், நோஜாய்-யூர்ட், சாயசான் உள்ளிட்ட கிழக்கு மலைகள் தாகெஸ்தானுக்குப் போயின. பெயர்களும் மாறின. நோஜாய்-யூர்ட் அந்தலால் ஆனது, சாயசான் ரித்லியாப் ஆனது. வெதேனோ என்ற பெயர் மட்டும் தப்பியது.

அடுத்த கேள்வி, விதைப்பு. போர்க்காலத்தில் ஒரு பருவத்தை இழக்க மாஸ்கோ தயாராக இல்லை. தாகெஸ்தான் தலைமைக்கும் ஒரு பழைய கவலை இருந்தது. அங்கே உயர மலையூர்களில் ஆள் அதிகம், நிலம் குறைவு. மலையிலிருந்து மக்களைக் கீழே இறக்க வேண்டும் என்ற பேச்சு போருக்கு முன்பே உண்டு. அசீஸ் அலியெவ் கட்சிச் செயலாளராகவும் அப்துர்ரஹ்மான் தானியாலொவ் அரசுத் தலைவராகவும் இருந்த காலம் அது. இந்த இரண்டு காரணங்களும் சேர்ந்ததில் 60,000-க்கும் மேற்பட்ட தாகெஸ்தான் மலைவாசிகள் செச்சேனியர்களின் ஊர்களுக்கு நகர்த்தப்பட்டார்கள். நூற்றுக்கும் அதிகமான ஊர்கள் முழுதாகவோ பாதியாகவோ பெயர்க்கப்பட்டன.

வெதேனோவுக்கு வந்தவர்களில் பெரும் பங்கு தாகெஸ்தானின் தென்மேற்கு உச்சியில் வாழ்ந்த சிறு இனங்கள். தீதோ மக்கள் (சேஸ் என்றும் சொல்வார்கள்) அவர்களில் முக்கியமானவர்கள். அவர்கள் வாழ்ந்த சுந்தா மாவட்டமே கலைக்கப்பட்டு, ஆட்கள் ஒட்டுமொத்தமாக அனுப்பப்பட்டார்கள். கணவாய்களில் பனி உருகி முடியாத நேரம். முதியவர்களும் குழந்தைகளும் உட்பட நடந்துதான் வந்தார்கள், கழுதை மேல் ஏறியது மட்டும்தான் சொத்து. யாரும் நழுவித் திரும்பிவிடக் கூடாது என்று பல ஊர்களில் பின்னால் விட்டுவந்த வீடுகள் இடிக்கப்பட்டன, சில இடங்களில் எரிக்கப்பட்டன.

இந்த ஆய்வில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்கவைத்தது இந்த முடிவுதான். ஒரு நிர்வாகி இதை எப்படி எழுதியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது: ‘குடியேற்றம் நிலைக்க வேண்டும்.’ ஆனால் அன்று இடித்த சுவர்தான் 1957-இல் பெரிய கடனாக வந்து நின்றது.

வந்தவர்கள் எதிர்கொண்டது என்ன? உயரமும் குளிரும் பழகிய உடம்புக்குத் தாழ்வான பள்ளத்தாக்கில் மலேரியா. புதிய தண்ணீர், டைபஸ், பட்டினி. முதல் இரண்டு ஆண்டுகளில் சாவு வீடுகளாகவே இருந்தன. வளமான நிலத்துக்கு அனுப்புகிறோம் என்று சொல்லப்பட்டவர்களில் பலர் இரவோடு இரவாகப் பழைய ஊரை நோக்கி ஓடினார்கள், பிடித்துத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மலை உச்சியில் இருந்த பல செச்சேனிய ஊர்களுக்கு யாருமே வரவில்லை. கூரை சரிந்து, சுவர் மட்டும் நின்றது.

ஆக, இரு தரப்பும் பிடுங்கி நடப்பட்டவர்கள். குடிவைக்கப்பட்டவர்களை வெற்றியில் பங்கு வாங்கியவர்கள் என்று எழுதுவது தவறு.

இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகள்

கசாகஸ்தானில் செச்சேனியர்கள் ‘சிறப்புக் குடியேறிகள்’. காவல் அதிகாரியிடம் குறித்த நாளில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், குறித்த எல்லையைத் தாண்டக் கூடாது. 1948 நவம்பரில் வந்த ஆணை இந்த நிலையை நிரந்தரம் என்றது. தப்பி ஓடினால் 20 ஆண்டு கடும் உழைப்புத் தண்டனை.

வெதேனோவில் தாகெஸ்தான்காரர்கள் மெல்ல வேரூன்றினார்கள். கூட்டுப்பண்ணை, பள்ளி, பிரசவம், கல்யாணம். 1944-இல் கைக்குழந்தையாக வந்த பிள்ளைக்கு 1957-இல் வெதேனோவைத் தவிர வேறு ஊர் தெரியாது. ‘சொந்த ஊருக்குத் திரும்புதல்’ என்று கோப்பில் எழுதும்போது இந்தப் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை.

1956: முடிவுகளும் தயக்கங்களும்

1956 பிப்ரவரியில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் தன் மூடிய அவை உரையில் இந்த நாடுகடத்தல்களைக் கண்டித்தார். ஜூலை 16 ஆணை செச்சேனியர்களைச் சிறப்புக் காவலிலிருந்து விடுவித்தது. ஆனால் அதே ஆணை, பறித்த சொத்து திரும்பக் கிடைக்காது, பழைய இடத்துக்குப் போகும் உரிமையும் இல்லை என்றது. கதவைத் திறந்துவிட்டு வாசலில் நிற்கச் சொன்ன கதை.

அன்று மாஸ்கோவில் இருந்த மாற்று யோசனை, மத்திய ஆசியாவிலேயே அவர்களுக்கு ஒரு தன்னாட்சிப் பகுதி அமைத்துக் கொடுப்பது. உள்துறையின் வாதம் எளிமையானது: பழைய நிலத்தில் வேறு ஆட்கள் குடியேறிவிட்டார்கள், திருப்பி அனுப்பினால் மோதல் வரும். வாதத்தில் உண்மை இருந்தது. ஆனால் அது யாரிடம் எடுபட வேண்டுமோ அவர்களிடம் எடுபடவில்லை. 1956 கோடையில் செச்சென்-இங்குஷ் தூதுக்குழு மாஸ்கோ போய் மூத்த சோவியத் தலைவரான மிகோயானைப் பார்த்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அனுமதி கேட்காமலே ரயிலேறத் தொடங்கியிருந்தார்கள்.

1957 ஜனவரி 9-இல் குடியரசு மீட்கப்பட்டது. வெதேனோவும் கிழக்கு மலைகளும் தாகெஸ்தானிலிருந்து திரும்ப வந்தன. செச்சேனியரான முஸ்லிம் கைர்பெகொவ் தலைமையில் ஓர் அமைப்புக் குழு அமைக்கப்பட்டது. 1957 முதல் 1960 வரை நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாக வரவேண்டும் என்பது திட்டம்.

மக்கள் தவணைக்குக் காத்திருக்கவில்லை. முதல் ஆண்டிலேயே திட்டமிட்டதைவிட மிக அதிகம் பேர் வந்து இறங்கினார்கள். 1957 வசந்தத்தில் காவல்துறை ரயில் நிலையங்களில் அவர்களை மறித்தது, பயணச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர்கள் சுற்றுவழியில் வந்தார்கள். பலர் கையில் இருந்த பெட்டிகளிலும் சாக்குகளிலும் கசாகஸ்தானில் இறந்த அப்பா அம்மாவின் எலும்புகள் இருந்தன. சொந்த மண்ணில் புதைக்கக் கொண்டுவந்தார்கள். இப்படி வருபவரிடம் ‘1959-இல் உங்கள் முறை’ என்று எந்த அதிகாரி சொல்வது?

1957–58: வாசலில் நடந்தது

மலையூரில் மூன்று அறை உள்ள ஒரு வீடு. உள்ளே ஒரு தீதோ குடும்பமோ அவார் குடும்பமோ பதின்மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. வாசலில் வந்து நிற்பவர் அந்த வீட்டின் சுவரைத் தன் அப்பாவோடு சேர்ந்து எழுப்பியவர். இரண்டு பேருக்கும் பொதுமொழி என்றால் பெரும்பாலும் ரஷ்யன், அதுவும் அரைகுறை. கையில் பட்டா போன்ற காகிதம் இருவரிடமும் இல்லை. உள்ளே இருப்பவரிடம் கூட்டுப்பண்ணை ஒதுக்கீடு இருக்கலாம். வந்தவரிடம் ஊராரின் நினைவு மட்டும்.

இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான வாசல்களுக்கு அமைப்புக் குழுவிடம் நடைமுறை விதி என்று எதுவும் இல்லை. எல்லை யாருடையது என்று சொல்லியாயிற்று, வீடு யாருடையது என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை மக்களே நிரப்பினார்கள். மூன்று விதமாக நடந்தது.

பரவலானது, ஒண்டியிருத்தல். ஓர் அறையில் இவர்கள், இன்னோர் அறையில் அவர்கள். அல்லது முற்றத்தில் கொட்டகை, தோண்டிய பள்ளத்தின் மேல் கூரை, கூடாரம். தாகெஸ்தான் குடும்பம் புறப்படும் வரை மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. விதைத்தவர் ஒருவர், அறுக்கும் மாதத்தில் நிலத்தின் உரிமை இன்னொருவர் பக்கம். விளைச்சலை எப்படிப் பிரிப்பது என்பது ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி முடிக்க வேண்டியதாயிற்று. இரு தரப்பும் முஸ்லிம்கள், இரு தரப்பிலும் விருந்தாளியைக் கைவிடாத வழக்கம். இப்படி ஒரே கூரையில் கழித்த மாதங்களில் பிறந்த குனாக் உறவு, அதாவது தலைமுறை தாண்டும் விருந்து நட்பு, பேரப்பிள்ளைகள் காலம் வரை நீடித்த குடும்பங்கள் உண்டு.

அடுத்தது, பணம். தன் சொந்த வீட்டையே காசு கொடுத்து வாங்கினார்கள். அநியாயம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் உள்ளே இருந்தவரின் நிலையையும் பார்க்க வேண்டும். கூரையைப் பத்து ஆண்டுகளில் இரண்டு முறை மாற்றியிருப்பார், தொழுவம் கட்டியிருப்பார், திரும்பிப் போகும் ஊரில் வீடே இல்லை. அந்தப் பணம் விலை அல்ல, வழிச்செலவு. அரசு கொடுத்திருக்க வேண்டிய இழப்பீட்டை, இழந்தவரே இன்னொரு இழந்தவருக்குக் கொடுத்தார்.

மூன்றாவது, சச்சரவு. கைகலப்பும் மிரட்டலும் இல்லாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். ஆனால் அது மாவட்டம் தழுவிய மோதலாக வெடிக்கவில்லை. ஒப்பிட வேண்டுமென்றால் அதே குடியரசின் தலைநகரைப் பாருங்கள். 1958 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் குரோஸ்னியில், ஒரு சண்டையில் ரஷ்யத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, திரும்பி வந்த செச்சேனியர்களுக்கு எதிராகக் கூட்டம் திரண்டது. அரசு அலுவலகங்களைக் கைப்பற்றியது, குரோஸ்னி மாகாணத்தை மறுபடி கொண்டுவரச் சொல்லிக் கோரியது. படை வந்துதான் அடங்கியது. வெதேனோ மலைகளில் அப்படி ஒன்று நடக்கவில்லை.

1957-லும் 1958-லும் தாகெஸ்தான் குடும்பங்கள் தொகுதி தொகுதியாக வெளியேறின. அதற்குள் பெரும்பாலான வீடுகள் கைமாறிவிட்டன.

போனவர்கள் எங்கே போனார்கள்

இந்தக் கதையைச் செச்சேனியர் திரும்பியதோடு முடித்துவிடுவது வழக்கம். அப்படி முடித்தால் பாதிக் கணக்குதான் வரும்.

தீதோ மக்களின் ஒரு பகுதி பழைய மலைக்கே ஏறிப் போனது. சுந்தா மாவட்டம் தாளில் மீண்டும் உருவானது. தரையில் இருந்தது, 1944-இல் இடித்துவிட்டு வந்த கற்குவியல். படிக்கட்டு வயல்கள் பதின்மூன்று ஆண்டு மழையில் சரிந்திருந்தன. பலர் முதலில் இருந்தே கட்டினார்கள். சில ஊர்கள் திரும்ப எழவே இல்லை. இன்னும் பலர் தாகெஸ்தானின் வடக்குச் சமவெளியில், ஹசாவ்யூர்ட் பக்கம் குடியமர்த்தப்பட்டார்கள். அங்கே ஏற்கனவே இருந்த குமிக் மக்களுக்கு அது புதிய நெருக்கடி. ஓரிடத்தில் அவிழ்த்த முடிச்சு இன்னோர் இடத்தில் விழுந்தது.

செச்சேனியர்களிலும் எல்லோரும் வீடு சேரவில்லை. செபெர்லோய் மாவட்டம் மீட்கப்படவே இல்லை. எட்டாத உயரம், சாலை இல்லை, கட்டுப்படுத்துவது கடினம் என்ற கணக்கில் உயர்மலைப் பகுதிகள் சிலவற்றில் மீள்குடியேற்றம் தடுக்கப்பட்டது. ஏரிக்கரை ஊர்க்காரர்கள் கீழே சமவெளியில் குடியேற நேர்ந்தது. ‘திரும்பி வந்தோர்’ பட்டியலில் அவர்களும் இருக்கிறார்கள், சொந்த ஊரில் இல்லை.

ஒப்பிட இரண்டு மாவட்டங்கள்

மத ஒற்றுமையும் பழைய உறவும்தான் வெதேனோவைக் காப்பாற்றின என்ற விளக்கம் ஏன் பாதி உண்மை என்பது இங்கே தெரியும்.

முதலாவது, பிரிகரோத்னி. இங்குஷ்களிடமிருந்து எடுத்து வட ஒசேட்டியாவுக்குக் கொடுக்கப்பட்ட மாவட்டம். 1957-இல் குடியரசு மீண்டபோதும் இது திருப்பித் தரப்படவில்லை. இங்குஷ்கள் வந்து வீடு வாங்கினார்கள், வாடகைக்கு இருந்தார்கள், பதிவு மறுக்கப்பட்டார்கள். 1992 அக்டோபர் இறுதியில் அது போராக வெடித்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், பல்லாயிரம் இங்குஷ்கள் மறுபடி அகதிகளானார்கள். ஒசேட்டியர்களில் பெரும்பான்மை கிறித்தவர்கள், அதனால்தான் என்று சிலர் சொல்லக்கூடும்.

சரி, அப்படியென்றால் இரண்டாவதைப் பாருங்கள். தாகெஸ்தானுக்குள் செச்சேனியர்களுக்காக 1943 அக்டோபரில் அவுக் மாவட்டம் உருவாக்கப்பட்டது. ஐந்து மாதம்கூட முடியவில்லை, ஆட்களை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். லாக் இன மலைவாசிகளைக் கட்டாயமாகக் கொண்டுவந்து குடிவைத்து நோவலாக் என்று பெயர் மாற்றினார்கள். லாக் மக்களும் முஸ்லிம்கள்தான், அவர்களும் பனியில் நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள்தான். வெதேனோவில் இருந்த அத்தனை சாதகங்களும் இங்கேயும் இருந்தன. ஆனால் இந்த மாவட்டம் தாகெஸ்தானுக்குள்ளேயே இருந்ததால் 1957 ஆணை இதைத் தொடவில்லை. திரும்பிய செச்சேனியர்களுக்குப் பழைய ஊரில் இடமில்லை என்றார்கள். 1991-இல்தான் தாகெஸ்தான் மக்கள் பிரதிநிதிகள் மாநாடு, லாக் மக்களைத் தாகெஸ்தான் தலைநகர் மகச்கலாவுக்கு வடக்கே புதிய குடியிருப்புக்கு மாற்றி, அவுக் மாவட்டத்தை மீட்க முடிவெடுத்தது. வீடு கட்டும் வேலை பத்தாண்டுகளைத் தாண்டி இழுத்தது. பக்கத்துக் கஸ்பெக் மாவட்டத்தின் லெனின்-அவுல், கலினின்-அவுல் ஊர்களில் செச்சேனியர்–அவார் பூசல் 2017-இல்கூடத் தெருவுக்கு வந்தது.

மூன்று இடங்களிலும் 1944-இல் நடந்த தவறு ஒன்றே. வெதேனோவில் மாறியது இரண்டு விஷயங்கள். எல்லைக்கோடு தெளிவாக, ஒரே ஆணையில், விவாதத்துக்கு இடமில்லாமல் திரும்பியது. குடிவைக்கப்பட்டவர்களுக்கும் ‘நீங்கள் போகவேண்டிய இடம் இது, ஆண்டு இது’ என்று சொல்லப்பட்டது. இந்த இரண்டும் இருந்ததால்தான் விருந்தோம்பல் வேலை செய்தது. ஆறு மாதம் தங்கப்போகிற ஆளோடு அறையைப் பகிர்ந்துகொள்ள நல்ல மனது போதும். எப்போது போவார், போவாரா என்றே தெரியாத ஆளோடு பகிர்ந்துகொள்ள எந்த வழக்கமும் போதாது.

என்ன மாற்றியிருக்க வேண்டும்

முதலில், வரிசை. 1956 ஜூலைக்கும் 1957 ஜனவரிக்கும் இடையே ஆறு மாதம் கிடைத்தது. மக்கள் வந்தே தீருவார்கள் என்பது அதற்குள் தெளிவாகிவிட்டது. அந்த ஆறு மாதத்தில் சுந்தாவில் கட்டட வேலை தொடங்கியிருக்க வேண்டும். வெதேனோவின் திறவுகோல் வெதேனோவில் இல்லை, இடிந்த தீதோ ஊர்களில் இருந்தது. போக இடம் இருப்பவர் சண்டை போடாமல் எழுந்து போவார். அதிகாரிகள் ரயில் நிலையங்களை மறிக்கச் செலவழித்த ஆள்பலத்தில் ஒரு பகுதியை அங்கே அனுப்பியிருந்தால் இரு பக்கமும் தவித்த ஒரு குளிர்காலத்தைத் தவிர்த்திருக்கலாம்.

இரண்டாவது, வீட்டுக்கான விதி. கட்டியவருக்கு வீடு, பராமரித்தவருக்கு அரசுப் பணம், நின்ற பயிர் விதைத்தவருக்கு. மூன்று வரி. இதை எழுதாமல் விட்டதால் ஒவ்வொரு ஊரும் தனக்குத் தானே சட்டம் எழுதிக்கொண்டது. நல்ல பெரியவர்கள் இருந்த ஊரில் நல்ல சட்டம், இல்லாத ஊரில் கைகலப்பு. நன்றாக முடிந்ததைப் பார்த்து ‘மக்களிடமே விட்டுவிட்டால் போதும்’ என்று முடிவு கட்டுபவர்கள், வீட்டை இரண்டாம் முறை விலை கொடுத்து வாங்கியவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கணக்கெடுப்பு. வீடு வீடாக யார் இருந்தார், யார் இருக்கிறார், எங்கே போக விரும்புகிறார் என்று எழுதியிருந்தால், பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் சில அங்கேயே தங்கிவிட விரும்பியதும் தெரிந்திருக்கும். எல்லோரையும் திருப்பி அனுப்புவது என்ற முடிவு மோதலைக் குறைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் ஒரு கட்டாய இடப்பெயர்வுதான், ஒரே குடும்பத்துக்கு இரண்டாம் முறை.

செபெர்லோய் விஷயத்தில் நிர்வாகம் சொன்ன காரணம் சாலை இல்லை என்பது. இன்று வெதேனோவிலிருந்து ஏரி வரை சாலை போகிறது, கரையில் சுற்றுலா விடுதிகள் வந்துவிட்டன, ஹோய் ஊரின் பழைய கற்கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. சாலை போடுவதை 1957-இல் மீள்குடியேற்றச் செலவாகப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

கடைசியாகச் சட்டம். 1991 ஏப்ரல் 26-இல் ரஷ்யா நிறைவேற்றிய, ஒடுக்கப்பட்ட மக்களை மீட்கும் சட்டம், நாடுகடத்தப்பட்ட இனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1944-இல் துப்பாக்கி முனையில் மலையிறங்கிய தாகெஸ்தான் குடும்பங்களின் கோப்பில் இருக்கும் சொல் ‘குடியேற்றம்’. அதனால் அந்தச் சட்டத்தில் அவர்களுக்குத் தெளிவான இடம் இல்லை. வெதேனோ வழக்கைத் தீர்ந்தது என்று மூடுபவர்கள் பெரும்பாலும் செச்சேனியர் பக்கத்துக் கோப்பை மட்டும்தான் மூடுகிறார்கள்.